தாழ்ப்பாளுக்கு வெளியே

மத்தியானம் பன்னிரண்டரைக்கு நெல்டா, புயலுக்கு ஒதுங்கும் நிலவறையைப் பெருக்கப் போனபோது, தரையோடு சாய்ந்து கிடக்கும் அதன் இரும்புக் கதவைச் சுற்றியிருந்த புல் முழுவதும் கதவைப் பார்த்துப் படுத்திருந்தது. காற்றடித்தால் புல் ஒரு பக்கமாகச் சாயும். இது நான்கு பக்கமிருந்தும் உள்நோக்கிச் சாய்ந்திருந்தது, ஈரத்தலையைச் சுழியை நோக்கிச் சீவிவிட்டதைப் போல. அவள் செருப்பு நுனியால் ஒரு பிடிப் புல்லை நிமிர்த்திப் பார்த்தாள். அது சற்று நேரம் நின்றது. பிறகு அவசரமே இல்லாமல் திரும்பவும் கதவின் பக்கம் படுத்துக்கொண்டது.

நாய்தான் அங்கே புரண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவர்கள் வீட்டு நாய் செத்து இரண்டு வருடமாகிறது என்பது கதவைத் தூக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அண்டை வீட்டு டெல்பர்ட்டின் நாயாக இருக்கும்.

அதற்கு மேல் யோசிக்க அன்று நேரமில்லை. பெல் க்ரீக் பள்ளிக்கூடத்தைக் காலை பதினொன்றரைக்கே மூடிவிட்டார்கள். நெல்டா பதினேழு வருடமாக அந்தப் பள்ளியின் பேருந்தை ஓட்டுகிறவள். மேற்கு ஓக்லஹோமாவில் மே மாதத்தில் பள்ளியைப் பாதியில் மூடுவது புதிதில்லை என்றாலும், வானம் இவ்வளவு நீலமாக இருக்கும்போது மூடியதை அவள் பார்த்ததில்லை. கடைசிப் பிள்ளையையும் அதன் அம்மாவின் கையில் விட்டுவிட்டுத் திரும்பும்போது ஸ்டியரிங்கெல்லாம் வியர்வையில் வழுக்கியது. தெற்கிலிருந்து வரும் காற்றில் கடல் ஈரம் இருந்தது. கடல் ஐந்நூறு மைலுக்கு அப்பால்.

வீட்டுக்குள் அவள் கணவர் ராய்ஸ் மடியில் மாவட்ட வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார். மூன்று வாரத்துக்கு முன்புதான் அவருக்கு இடுப்பு மூட்டை மாற்றியிருந்தார்கள். நான்கு கால் நடைச்சட்டம் இல்லாமல் ஓரடி வைக்க முடியாது. முப்பத்தொரு வருடம் மாவட்டத்தின் மண்சாலைகளைச் சமன்செய்யும் வண்டியை ஓட்டியவர் அவர். வானிலைக்காரர் ஒரு சாலைப் பெயரைச் சொன்னால் அங்கே எத்தனை வீடு, எந்த வீட்டில் நிலவறை இல்லை என்பதுவரை சொல்லிவிடுவார். புயல் நாட்களில் கால் மணிக்கு ஒருமுறை அது நிற்கும் இடத்தைச் சிவப்புப் பென்சிலால் குறிப்பது அவர் பழக்கம்.

அவர் வரைபடத்தில் அப்போது ஒரு புள்ளிகூட இல்லை. அதுதான் தனக்குப் பிடிக்கவில்லை என்றார். பானைமேல் மூடி போட்டதுபோலச் சூடு உட்கார்ந்திருக்கிறது, அந்த மூடி எப்போது தெறிக்கிறதோ அப்போது மொத்தமாகப் பொங்கும் என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே சாமான்களை அடுக்கினாள். தண்ணீர் கேன், அவருடைய மாத்திரை டப்பா, மின்கல விளக்கு, ரேடியோ, இருவரின் தலைக்கவசம், கெட்டியான காலணிகள். உயிர் பிழைத்தவர்களில் பாதிப் பேர் கண்ணாடித் துண்டில் கால் கிழிந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

இரண்டரைக்கு டெல்பர்ட் வந்தான். கால் மைல் தள்ளி இருக்கும் பக்கத்துப் பண்ணைக்காரன். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறவன். அவன் வீட்டில் நிலவறை கிடையாது. புயல் வந்தால் இவர்களுடைய நிலவறைக்குத்தான் ஓடிவருவான். சபையில் எல்லாரையும் கூப்பிடும் வழக்கத்தில் நெல்டாவை எப்போதும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவான், பாதி மரியாதை, பாதி கேலி. இன்று வண்டியிலிருந்து இறங்காமலே பேசினான். தெற்கே இருபது மைலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறானாம். அவள் தனியாகப் பயப்படுகிறாளாம். நாயும் பக்கத்து இருக்கையில் ஏறியிருந்தது.

"இந்தத் தடவ உங்க பொந்துல எனக்கு இடம் வேணாம் சிஸ்டர்," என்றான். "உன் வீட்டுக்காரன் விடற குறட்டைக்குச் சூறாவளியே தேவல."

ராய்ஸ் உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். டெல்பர்ட் சிரித்துக்கொண்டே போனான். அவன் வண்டி எழுப்பிய செம்மண் தூசி சாலைமேல் அப்படியே நின்றது. நகரவில்லை. காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்த தெற்குக் காற்று நின்றுபோயிருந்தது.

நாலு மணிக்கு மூடி தெறித்தது. தென்மேற்கில் காலிஃபிளவர் போல ஒரு வெள்ளை மேகம், பார்க்கப் பார்க்கப் பருத்து, உச்சி தட்டையாகிப் பட்டறைக்கல் போல விரிந்தது. ராய்ஸ் முதல் சிவப்புப் புள்ளியை வைத்தார். நாலேகாலுக்கு இரண்டாவது. நாலரைக்கு மூன்றாவது. மூன்றும் ஒரே கோட்டில் இருந்தன. அவர் பென்சிலை அந்தக் கோட்டின்மேல் படுக்கவைத்துப் பார்த்தார். அதன் முனை அவர்கள் வீட்டின்மேல் நின்றது.

நெல்டா இரண்டு தலைக்கவசங்களையும் வாசலருகே எடுத்து வைத்தாள்.

ஐந்து மணிக்குத் தொலைக்காட்சிக்காரர் மேல்கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். ரேடார் படத்தில் புயலின் வால் கொக்கிபோல வளைந்திருந்தது. தரைக்கு மேலே இருக்கிறவர்கள் பிழைப்பது கடினம், கீழே போய்விடுங்கள் என்றார். ராய்ஸை எட்டுப் படி இறக்க எவ்வளவு நேரமாகும் என்று தெரியாததால் நெல்டா அப்போதே கிளப்பினாள். முற்றம் முழுவதும் பச்சை வெளிச்சம், குளத்துக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல. பறவைச் சத்தம் இல்லை. ஒவ்வொரு படிக்கும் அவர் முதலில் நல்ல காலை இறக்கி, மூச்சு வாங்கி, அவள் தோளை அழுத்திக்கொண்டு மற்ற காலை இறக்கினார். பதினொரு நிமிடம் பிடித்தது. அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, நடைச்சட்டத்தை அருகில் வைத்து, இருவருக்கும் தலைக்கவசம் மாட்டி, மேலேறிக் கதவை இழுத்து மூடி, உள்பக்கத் தாழ்ப்பாளைத் தள்ளியபோது, ஊர்ப்பக்கம் சைரன் ஊதத் தொடங்கியது.

நிலவறை ஆறடிக்கு எட்டடி. சிமெண்டுச் சுவர், எதிரெதிரே இரண்டு மரப் பெஞ்சுகள், ஈர மண் வாசனை, முளைவிட்ட உருளைக்கிழங்கு வாசனை. விளக்கை அவள் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மடியில் ரேடியோ. வானிலைக்காரர் சாலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார், ராய்ஸ் ஒவ்வொன்றுக்கும் மைல் கணக்குச் சொன்னார். பழைய தானியக் கிடங்கு, பதினொரு மைல். ஆற்றுப் பாலம், ஏழு. தேவாலயக் கல்லறை, நாலரை.

ஆலங்கட்டி விழத் தொடங்கியது. முதலில் கதவின்மேல் ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு லாரியிலிருந்து கருங்கல்லைக் கொட்டுவதுபோல. மடியிலிருந்த ரேடியோவே கேட்கவில்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

மூன்று தட்டு. இடைவெளி விட்டு. மரியாதையாக.

"சிஸ்டர் நெல்டா. டெல்பர்ட் வந்திருக்கேன். கதவத் திற."

ராய்ஸ் நிமிர்ந்தார். பாவி, மகள் வீட்டுக்குப் போகாமல் திரும்பிவிட்டான்போல, சீக்கிரம் திற என்று கையை ஆட்டினார். நெல்டா அதற்குள் படியேறிக்கொண்டிருந்தாள். கைக்குத் தாழ்ப்பாள் அகப்பட்டது. இரும்பு பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்தது. அதை இழுக்கப் போன நொடியில்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. ராய்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியும் அவர் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. வெளியே, ஆலங்கட்டிக்கு நடுவில் நிற்கிறவன் கத்தவே இல்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்கிற குரலில் பேசுகிறான். அது அட்சரம் பிசகாமல் கேட்கிறது.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. திரையில் டெல்பர்ட்டின் பெயர்.

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்காமல் கைபேசியைக் காதில் வைத்தாள். இரைச்சலும் நாய் குரைப்பும் கேட்டன. குளியல் தொட்டிக்குள் மெத்தையைப் போர்த்திக்கொண்டு மகளும் தானும் உட்கார்ந்திருப்பதாகவும், இங்கே மழை மட்டும்தான் என்றும் டெல்பர்ட் தொண்டை கிழியக் கத்தினான். "சிஸ்டர், அது நேரா உங்களத்தான் பாத்து வருது. உள்ள போயிட்டீங்களா? எதுக்கும் கதவத் திறக்காதீங்க. கேக்குதா?"

"கை வலிக்குது சிஸ்டர்," என்றது கதவுக்கு வெளியே இருந்த டெல்பர்ட்டின் குரல். "எவ்வளவு நேரம் தட்டறது?"

தொடர்பு அறுந்துபோனது.

அவள் பின்னோக்கியே படியிறங்கினாள். கதவைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. கடைசிப் படியில் கால் இடறி, கைபேசி எங்கோ தெறித்தது; விளக்கும் உதைபட்டு உருண்டு, மோதி அணைந்தது. இருட்டில் துழாவி ராய்ஸின் பக்கத்தில் போய் விழுந்து, அவர் காதில் வாயை வைத்துச் சொன்னாள். டெல்பர்ட் மகள் வீட்டில் இருக்கிறான். இப்போதுதான் பேசினான்.

"அப்ப மேல இருக்கறது யாரு?" என்று ராய்ஸ் அவள் காதருகில் கத்தினார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆலங்கட்டி சட்டென்று நின்றது. யாரோ குழாயை மூடியதுபோல. அந்த அமைதியில் இருவர் மூச்சும் கேட்டது. தொலைவில் ஒரு சரக்கு ரயில் ஓடும் சத்தம். அந்தப் பக்கத்தில் ரயில் பாதையே கிடையாது.

மறுபடி மூன்று தட்டு.

"ராய்ஸ்."

 அது நெல்டாவுடைய குரல்.

"ராய்ஸ், நான் வெளிய மாட்டிக்கிட்டேன். உன்னோட மாத்திரைய எடுக்க வீட்டுக்குப் போனேன். கதவு சாத்திக்கிச்சு. திறப்பா."

அவள் எப்போதும் 'திறப்பா' என்றுதான் சொல்வாள். கடைசி எழுத்தை இழுத்து. அவர் அந்த இழுப்பைக் கேலி செய்வார்.

அவர் கை அவள் கைக்குள்ளிருந்து மெல்ல நழுவியது. பெஞ்சில் அவர் ஒரு சாண் விலகி உட்கார்வது பலகையின் அசைவில் தெரிந்தது.

நான் இங்கேதான் இருக்கிறேன், உன் பக்கத்தில் இருப்பது நான்தான் என்று அவள் சொன்னாள். சொன்ன குரல் பயத்தில் கம்மி, கரகரத்து, யாருடையதோ போல இருந்தது. வெளியே இருந்த குரல் தெளிவாக இருந்தது. அதில் அழுகை இருந்தது.

 ரயில் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ராய்ஸ் இருட்டைப் பார்த்து, இரண்டு பேருக்கும் பொதுவாக, கேட்டார்.

"நம்ம முதல் குழந்தைக்கு என்ன பேரு வெச்சோம்?"

 இரண்டு நாள் இருந்த குழந்தை. நாற்பத்தோரு வருடமாகிறது. அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, அந்தப் பெயரை இந்த வீட்டில் இனி யாரும் சொல்ல வேண்டாம் என்று நெல்டாதான் அவரிடம் கேட்டுக்கொண்டாள். அவர் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. பின்னால் பிறந்த பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. வாயைத் திறந்தாள்.  நாற்பத்தோரு வருடம் விழுங்கியது தொண்டையைவிட்டு வரவில்லை.

"ஐரிஸ்," என்றது வெளியே இருந்த குரல். மிக மென்மையாக. "உன் அம்மா பேருல பாதி. மஞ்சத் துணியில சுத்திக் குடுத்தாங்க. நீ ஒரு தடவதான் தூக்கின, ராய்ஸ்."

மஞ்சள் துணி. நெல்டா அதை மறந்துபோயிருந்தாள். ஆமாம், மஞ்சள்தான்.

ராய்ஸ் அழுதார். அவர் அழுது அவள் கேட்டது அதற்கு முன் ஒரே ஒரு நாள்தான்.

"ஐரிஸ்," என்றாள் அவள். "ராய்ஸ், ஐரிஸ். எனக்குத் தெரியும்."

"அவ சொன்னதுக்கப்புறம் யாரு வேணா சொல்லலாம்," என்றார் அவர்.

நடைச்சட்டம் சிமெண்டில் தேய்ந்தது. அவர் எழுந்துவிட்டார். படியைத் தேடிப் போகிறார். அவள் குறுக்கே பாய்ந்து இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். தையல் போட்ட பக்கம். அவர் வலியில் ஊளையிட்டார். முழங்கையால் அவள் முகத்தில் இடித்தார். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

"நீ யாரு?" என்று கேட்டார். "விடு என்னை. அவ செத்துப்போயிருவா."

பிறகு அது வந்தது.

காது அடைத்தது. கண் பிதுங்கியது. கதவு கீலில் துடித்தது. இடுக்குகளின் வழியே அறைக் காற்றை எதுவோ உறிஞ்சியது. இருவரும் தரையில் விழுந்தார்கள். மண் கொட்டியது. மேலே ஏதோ பெரிய பாரம் இழுபட்டுப் போனது. மரம். தகரம். கண்ணாடி. வீடு.

அத்தனைக்கும் நடுவில், அவசரமில்லாமல், மூன்று தட்டு.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இரைச்சல் வடகிழக்கே நகர்ந்து, ரயிலாகி, முனகலாகி, ஓய்ந்தது. கதவு இடுக்கில் மஞ்சள் வெயில் கோடாக விழுந்தது. தட்டும் சத்தம் நின்றிருந்தது. அந்தக் கோட்டு வெளிச்சத்தில் நெல்டா தரையில் கிடந்த கைபேசியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அவரைப் பிடித்துத் தூக்கிப் பெஞ்சில் உட்காரவைத்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் அவர் பெஞ்சின் கடைசி மூலைக்கு ஒண்டிக்கொண்டார். அவள் முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று காட்டினாள். அவர் பார்த்தார். வீட்டு வாசலில் நிற்கும் அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அதை அவளால் தாங்க முடியவில்லை. வெளியே யாராவது கிடக்கிறார்களா என்று நானே பார்த்துச் சொல்கிறேன் என்றாள். 

படியேறினாள். சத்தம் எதுவும் இல்லையென்று நூறுவரை எண்ணிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தாள். தோளைக் கொடுத்துக் கதவைத் தூக்கித் திருப்பிப் போட்டாள். வெளிச்சத்தில் கண் கூசியது. மேலே ஏற ஒரு காலை எடுத்து வைத்தபோது, ஈரமாக, சில்லென்று, எதுவோ அவள் இடது தோளை உரசிக்கொண்டு கீழே போனது. குறுகலான படியில் எதிரே வருகிறவருக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போகிறவர்களைப் போல. திரும்பிப் பார்த்தாள். படியில் யாரும் இல்லை. கீழே ராய்ஸின் காலணிகள் மட்டும் தெரிந்தன.

காற்று என்று நினைத்தாள். நினைக்க விரும்பினாள்.

வெளியே வந்து நின்றாள். வீடு இருந்த இடத்தில் சிமெண்டுத் தரையும், அதன்மேல் நிமிர்ந்து நின்ற கழிப்பறைப் பீங்கானும்தான் இருந்தன. கோதுமை வயல் வேரோடு போய்ச் செம்மண் தெரிந்தது. குளிர்பெட்டி டெல்பர்ட்டின் வேலியில் தொங்கியது. எங்கும் அறுபட்ட பச்சை மரத்தின் வாசனை, எரிவாயு வாசனை. ஒரு மனிதரும் இல்லை. கதவருகில் ஒரு காலடித் தடமும் இல்லை.

"ராய்ஸ், யாருமே இல்ல," என்று சொல்ல வாயெடுத்தாள்.

வானிலை எச்சரிக்கையோடு கைபேசி அலறியது. முதல் புயலின் பின்னாலேயே, அதே பாதையில், இரண்டாவது. தரையில் இறங்கிவிட்டது. பெல் க்ரீக்கில் இருப்பவர்கள் இந்த நொடியே கீழே போக வேண்டும். அவள் தென்மேற்கே பார்த்தாள். மஞ்சள் வெயில் அங்கே முடிந்துபோயிருந்தது. அதற்கப்பால் ஒரு சுவர். கறுப்பு. அடிவானத்திலிருந்து அடிவானம்வரை. அது வருவதாகவே தெரியவில்லை, பெரிதாகிக்கொண்டு மட்டும் இருந்தது.

முதுகுக்குப் பின்னால் கதவு விழுந்தது.

ஓடினாள். மூன்றே எட்டு. பிடியை இரண்டு கையாலும் இழுத்தாள். உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. நிதானமாக. கடைசிவரை. எட்டுப் படி ஏற ராய்ஸால் முடியாது. தனியாக ஒரு படிகூட முடியாது.

அறைந்தாள். உள்ளங்கையால். முட்டியால். அவர் பெயரைச் சொல்லிக் கதறினாள். முதல் ஆலங்கட்டி தோளில் விழுந்தது. அடுத்தது தலைக்கவசத்தில்.

"யாரு அது?" என்று உள்ளேயிருந்து ராய்ஸ் கேட்டார். பயந்துபோன குரல்.

நெல்டா வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து பதில் வந்தது. களைத்த, அன்பான, அவளுடைய குரல்.

"யாரும் இல்லப்பா. காத்துதான். நீ உக்காரு."

பிறகு மரப் பெஞ்சு கிரீச்சிட்டது. ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் வந்து உட்காரும்போது கிரீச்சிடுவதுபோல.